ராஜா சுரங்கத்தில் இறங்கிய கதை

ராஜாக்கள் ஆண்டுகொண்டிருந்த காலம். செம்மலை என்றொரு மலை, அதன் அடிவாரத்தில் ஒரு ராஜ்யம். அந்த மலையின் வயிற்றுக்குள் செம்பு இருந்தது. ஊர்க் குடங்கள், கோயில் மணிகள், அரண்மனைக் காசுகள் எல்லாம் அங்கே வெட்டியெடுத்த செம்பில் செய்தவைதான். ராஜ்யத்தின் பிழைப்பே அந்தச் சுரங்கத்தை நம்பி நடந்தது.

ஆனால் செம்பு சும்மா கையில் வந்து விழாது. தோண்டத் தோண்ட நாலு பக்கமும் தண்ணீர் ஊறும். அந்தத் தண்ணீரை இறைத்துக் கொட்டினால்தான் ஆட்கள் உள்ளே நின்று வேலை செய்ய முடியும். அதற்காகச் சுரங்கத்து வாயில் ஏகப்பட்ட மாடுகளைப் பூட்டி, பெரிய பெரிய தோல் சால்களில் தண்ணீரை இழுத்துக்கொண்டிருந்தார்கள். தாதுக்கல் நிரப்பிய கூடைகளைத் தூக்கியதும் மாடுகள்தான். மாடுகளை அனுப்பியவர் பிரதான மந்திரி பிரமாதிராயரின் மைத்துனர். சுரங்கம் ஆழமாக ஆக மாடுகள் பெருகின. மாடுகள் பெருகப் பெருக மைத்துனர் வீட்டில் மாடிகள் பெருகின.

ராஜா கெட்டவர் அல்லர். மனசில் ஓர் ஆசை தோன்றிவிட்டால் அது அப்போதே நடக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருநாள் மைத்துனர் சபைக்கு வந்து, இன்னும் வைக்கோல் வேண்டும், இன்னும் கொட்டகை வேண்டும், மாடு ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் கூலி வேண்டும் என்று விண்ணப்பம் செய்தார். ராஜாவுக்குச் சலித்துப்போயிற்று.

"தின்னாத, தூங்காத, கூலி கேட்காத வேலைக்காரன் ஒருவன்கூடவா என் ராஜ்யத்தில் இல்லை?" என்றார்.

பிரமாதிராயர் மெல்ல எழுந்தார். "பிரபு, குழைக்காதனுக்குத் தெரியாத ஆள் இந்த ஊரில் கிடையாது. அப்படிப்பட்டவனை நாளைக்கே அழைத்துவரும்படி அவனுக்குக் கட்டளையிடலாமே" என்றார்.

குழைக்காதன் அந்தச் சபையின் விகடகவி. ஒடிசலான உடம்பு, அதற்குப் பொருத்தமில்லாத பெரிய காதுகள். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். சிரித்து முடித்த பிறகு ராஜா அவனிடமே யோசனையும் கேட்டுக்கொண்டிருந்தார். அதுதான் மந்திரிக்கு வயிற்றெரிச்சல்.

மறுநாள் குழைக்காதன் ஒரு குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சபைக்கு வந்தான்.

"வேலைக்காரன் எங்கே?" என்று கேட்டார் ராஜா.

"இதோ இருக்கிறான், பிரபு" என்று குடத்தை இறக்கிவைத்தான்.

ராஜா எட்டிப் பார்த்தார். "இது தண்ணீர்."

"ஆற்றுத் தண்ணீர், பிரபு. அடியேன் பிறப்பதற்கு முன்பிருந்தே மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருக்கிறான். ஒருநாளும் படுத்துத் தூங்கியதில்லை. யாரிடமும் சோறு கேட்டதில்லை. ஆள் மட்டும் கொஞ்சம் பெரியவன். முழுசாகச் சபைக்குள் நுழைய முடியவில்லை. அதனால் ஒரு விரலை மட்டும் அழைத்து வந்திருக்கிறேன்."

ராஜா சிரித்துவிட்டார். பிரமாதிராயர் சிரிக்கவில்லை. "தண்ணீர் கீழே இறங்கத்தான் தெரிந்தது. அது எப்படிச் சுரங்கத்துத் தண்ணீரை மேலே ஏற்றும்?" என்றார்.

"ஏற்ற மரத்தில் ஒரு பக்கம் ஆள் இறங்கினால்தானே மறுபக்கம் தண்ணீர் ஏறுகிறது, மந்திரியாரே? இறங்குகிறவன் யாராயிருந்தால் என்ன?"

விளையாட்டுப் பேச்சு என்று சபை நினைத்தது. குழைக்காதன் விளையாட்டாகச் சொல்லவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் ஆவுடைச்சி என்றொருத்தி, ஓடைத் தண்ணீரால் சுற்றும் சக்கரம் வைத்து நெல் குத்திக்கொண்டிருந்ததை அவன் பார்த்திருந்தான். அவளையும் தச்சர்களையும் கூட்டிவந்தான். ஆற்றிலிருந்து மலைச்சரிவில் ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். வாய்க்கால் தண்ணீர் விழுகிற இடத்தில், தேர்ச்சக்கரத்தைவிடப் பெரிதாக, விளிம்பெல்லாம் மரத்தொட்டி வைத்த சக்கரங்கள் இரண்டு எழுந்தன.

ஒரு சக்கரம் சுற்றச் சுற்ற, சுரங்கத்துக்குள் இறக்கியிருந்த நீண்ட மரக்குழாய்களில் தோல் அடைப்பான்கள் ஏறி இறங்கின. அடியில் ஊறிய தண்ணீர் படிப்படியாக மேலே ஏறி வந்து கொட்டியது. இன்னொரு சக்கரம் கூடை தூக்கும் சக்கரம். அதற்கு இரண்டு மடைகள். ஒரு மடையைத் திறந்தால் சக்கரம் முன்னே சுற்றிக் கயிற்றை இறக்கும். மற்றதைத் திறந்தால் பின்னே சுற்றிக் கயிற்றை மேலே இழுக்கும். இரண்டையும் அடைத்தால் நிற்கும். சக்கரத்துக்கு மேலே ஒரு குடிசை போட்டு, இரண்டு மடைப் பலகைகளின் பிடியையும் இரண்டு கைகளிலும் வைத்துக்கொண்டு ஆவுடைச்சி உட்கார்ந்திருந்தாள். அடியிலிருந்து ஒரு மணிக்கயிறு அவளுடைய குடிசைவரை வந்தது. மணி ஒருமுறை அடித்தால் நிறுத்த வேண்டும், இருமுறை அடித்தால் தூக்க வேண்டும்.

மாடுகள் கொட்டகைக்குத் திரும்பின. மைத்துனர் வீட்டில் புது மாடி கட்டுகிற வேலை பாதியில் நின்றது. பிரமாதிராயர் பல்லைக் கடித்துக்கொண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நாளை ராஜாவே கொண்டுவந்து கொடுத்தார்.

"என் செம்பு எங்கிருந்து வருகிறது என்று நானே பார்க்க வேண்டும்" என்று ஒரு காலையில் ராஜா சொன்னார். "அந்தச் சக்கரத்துக் கயிற்றில் கூடைக்குப் பதிலாக ஒரு நாற்காலி கட்டுங்கள். வெள்ளிக்கிழமை இறங்குகிறேன்."

பிரமாதிராயர் கைகூப்பி நின்றார். "மகாராஜாவின் சித்தம். ஆனால் அரண்மனை மரபு ஒன்று உண்டு. மகாராஜாவின் தலைக்கு மேலே எவர் தலையும் இருக்கலாகாது. பிரபு வீதியில் எழுந்தருளும்போது மாடியில் இருப்பவர்கள் கீழே இறங்கிவிடுகிறார்கள். பனை ஏறியவன்கூட மரத்திலிருந்து இறங்கி நிற்கிறான். மீறியவனைக் கழுதைமேல் ஏற்றி எல்லைக்கு வெளியே விடுகிறோம். பிரபு பூமிக்குள் இறங்கினால் ராஜ்யத்தில் உள்ள அத்தனை பேருடைய தலையும் பிரபுவின் தலைக்கு மேலே அல்லவா இருக்கும்? முக்கியமாக மடைக் குடிசையில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்?"

ராஜா முகம் சுருங்கியது. ஆசையையும் விட முடியவில்லை, மரபையும் விட முடியவில்லை. இந்தச் சங்கடத்தை உண்டாக்கியவன் யார் என்று யோசித்தார். சக்கரத்தைக் கொண்டுவந்தவன் குழைக்காதன்.

"குழைக்காதா, நான் இறங்கத்தான் போகிறேன். ஆனால் இந்த ராஜ்யத்தில் எந்தத் தலையானாலும் சரி, அதற்கு மேலே என் தலைதான் இருக்க வேண்டும். அதற்கு வழி செய்வது உன் பொறுப்பு. ஒரு தலை தப்பினாலும் நீ கழுதை ஏறுவாய். சக்கரங்களைப் பிரித்துவிட்டுப் பழையபடி மாடு பூட்டச் சொல்லிவிடுவேன்."

"உத்தரவு, பிரபு" என்றான் குழைக்காதன். பிரமாதிராயர் அன்று பகல் சாப்பாட்டில் இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக்கொண்டார் என்று சொல்வார்கள்.

குழைக்காதன் நேரே மலைக்குப் போனான். விஷயத்தைக் கேட்ட ஆவுடைச்சி கோபத்தில் சிவந்தாள்.

"நான் குடிசையில உட்காராட்டி சக்கரத்தை யாரு நிறுத்துவா? மகாராஜா கேணியில விழுந்த வாளி மாதிரி அடித்தண்ணியில போய் விழுவாரு. நான் உட்கார்ந்தா கழுதை, உட்காராட்டி அவரு உசுரு. நீங்க பேசுறதைப் பேசிட்டு வந்துட்டீங்க, மாட்டிக்கிறது நானா?"

"உன்னோடு சேர்ந்து நானும்தான் மாட்டியிருக்கிறேன், தாயே."

"வேணும்னா குடிசைக்குக் கீழே குழி தோண்டி உட்காரட்டுமா?"

"ராஜாவுக்கும் கீழே போகிற அளவுக்கு நீ தோண்டினால் அது இன்னொரு சுரங்கம். அதற்கு ஒரு சக்கரம் வைக்க வேண்டும், அந்தச் சக்கரத்துக்கு மேலே ஓர் ஆள் உட்கார வேண்டும்."

ஆவுடைச்சிக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. குழைக்காதனுக்கு வரவில்லை. சுரங்கத்து வாயில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தான். மாடு இறைத்த காலத்தில் அந்த வாய் வழியாகத் தூக்கி வந்த பிணங்களை அவன் பார்த்திருக்கிறான். சக்கரம் வந்த பிறகு ஒன்றுகூட வரவில்லை. கழுதை ஏறுவது அவனுக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. சக்கரம் போய்விடுமே என்பதுதான் அவன் கவலை. ராஜா சொன்ன வார்த்தைகளை ஒவ்வொன்றாக மறுபடி வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். எந்தத் தலையானாலும். அதற்கு மேலே. என் தலை.

மூன்றாவது தடவை சொல்லும்போது எழுந்துவிட்டான். மலையிலிருந்து இறங்கி, காசு அடிக்கும் அக்கசாலைக்கு ஓடினான்.

வியாழக்கிழமை ஊரெங்கும் பறை அறைந்தார்கள். "நாளை மகாராஜா சுரங்கத்தில் இறங்குகிறார். அவர் மறுபடி மேலே வருகிறவரையில், குழந்தைமுதல் கிழவர்வரை எல்லாரும் தலை உச்சியில் ஒரு செப்புக்காசை, ராஜா முகம் மேலே தெரியும்படி வைத்துத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். காசு இல்லாதவர்களுக்கு அக்கசாலையில் கொடுக்கப்படும்."

ராஜா இதைக் கேட்டுக் குழைக்காதனைக் கூப்பிட்டனுப்பினார்.

"பிரபுவின் கட்டளைப்படிதான்" என்றான் அவன். "காசில் இருப்பது பிரபுவின் தலை. நாளை எந்தத் தலையைப் பார்த்தாலும் அதற்கு மேலே பிரபுவின் தலை இருக்கும்."

ராஜா தம் மடியிலிருந்து ஒரு காசை எடுத்துப் பார்த்தார். தலைப்பாகையைக் கழற்றிவிட்டு அதை உச்சந்தலையில் வைத்துப் பார்த்தார். "மரபு என்ன சொல்கிறது, மந்திரி?" என்றார்.

பிரமாதிராயர் காசைப் பார்த்தார். ராஜாவின் தலை ராஜாவின் தலை இல்லை என்று ராஜாவிடமே எப்படிச் சொல்வது? "மரபுக்குப் பழுதில்லை, பிரபு" என்றார். ஆனால் காசு தலையில் நிற்குமா என்று அவருக்குச் சந்தேகம். ஒரே ஒருவர் தலையிலிருந்து விழுந்தாலும் போதும். முக்கியமாக, இரண்டு கைகளாலும் பலகைகளை இழுக்கிற ஒருத்தியின் தலையிலிருந்து.

வெள்ளிக்கிழமை காலை ஊரே தலைக்கட்டோடு மலையில் திரண்டது. தலையை ஆட்டாமல் பேசவும், குனியாமல் கும்பிடவும் எல்லாரும் பழகிக்கொண்டிருந்தார்கள். ராஜா நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். ஒரு கையில் விளக்கு, மறு கை மணிக்கயிற்றில். ஆவுடைச்சி மடையைத் திறந்தாள். சக்கரம் முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. ராஜா மெல்ல மெல்லப் பூமிக்குள் மறைந்தார்.

முதலில் ராஜாவுக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. கொஞ்ச ஆழம் போனதும் நாற்காலி சுழலத் தொடங்கியது. மேலிருந்து சொட்டிய தண்ணீர் விளக்கை அணைத்தது. தலைக்கு மேலே வானம் ஒரு காசு அளவுக்குச் சுருங்கிவிட்டது. ராஜா வாழ்நாளில் முதல்முறையாகத் தனியாக இருந்தார். "நிறுத்துங்கள்" என்று சொல்லிப் பார்த்தார். சக்கரத்தின் இரைச்சலில் அது அவர் காதுக்கே கேட்கவில்லை. அப்போது காலுக்கடியில் ஏதோ மினுங்கியது. சுரங்கத்து அடியில் ஊறித் தேங்கிய தண்ணீர்.

வழக்கமாகக் கூடையை எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்குக் கயிற்றில் ஓர் அடையாளத் துணி கட்டியிருந்தது. ஆவுடைச்சி அதைப் பார்த்துத்தான் நிறுத்துவாள். ஆனால் நாற்காலி கூடையைவிடத் தாழத் தொங்கியது. இதை யாரும் யோசிக்கவில்லை. அடையாளத் துணி இன்னும் வந்து சேராதபோதே நாற்காலி தண்ணீரை நெருங்கிவிட்டது.

ராஜா மணிக்கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

மேலே மணி அடித்ததும் ஆவுடைச்சி பாய்ந்து பலகையை இறக்கினாள். பாய்ந்த வேகத்தில் தலைக்கட்டு அவிழ்ந்து, காசு உருண்டு குடிசைத் தரையில் விழுந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீரின் பாரத்தில் பலகை நடுங்கிக்கொண்டிருந்தது. உடம்பு முழுவதையும் அதன்மேல் சாய்த்து அழுத்திப் பிடித்தாள். சக்கரம் நின்றது.

நாற்காலி, ராஜாவின் செருப்பு நனைகிற உயரத்தில் நின்றது.

"மகாராஜா, காலை இப்படி வையுங்க" என்று இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. இருளப்பன் என்ற சுரங்கத் தொழிலாளி விளக்கோடு பக்கத்துக் குகைவழியில் நின்றுகொண்டிருந்தான். அவன் தலையிலும் காசு கட்டியிருந்தது. கையைப் பிடித்து ராஜாவை இறக்கிவிட்டான்.

ராஜா மூச்சு வாங்கி உட்கார்ந்தார். சற்றுத் தெளிந்ததும், எதிரே மரக்குழாய் தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்புகிற சத்தத்தைக் கேட்டார். "இது நிற்கவே நிற்காதா?" என்றார்.

"நிக்காது, மகாராஜா. நின்னா நாங்க இருக்க மாட்டோம்."

"மாடுகள் இருந்தபோது?"

இருளப்பன் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டான். "மாடு ராத்திரி படுக்கும், மகாராஜா. தண்ணி படுக்காது. காலையில எந்த மட்டத்துக்கு ஏறியிருக்குன்னு தெரியாமத்தான் இறங்குவோம். என் அண்ணன் அப்படித்தான் இறங்கினாரு."

செம்புத் தாது பச்சையும் சிவப்புமாக ஓடுகிற பாறையை ராஜா கையால் தடவிப் பார்த்தார். பிறகு மணியை இரண்டு தடவை அடிக்கச் சொன்னார்.

அவர் மேலே வந்து தரையில் கால் வைத்ததும் பிரமாதிராயர் மூச்சிரைக்க ஓடிவந்தார். கையில் ஒரு காசு இருந்தது.

"பிரபு, மரபு மீறப்பட்டுவிட்டது. இது மடைக்காரியின் தலையிலிருந்து விழுந்த காசு. பிரபு கீழே இருக்கும்போதே அவள் தலை வெறுந்தலையாக இருந்தது. பொழுது முழுவதும் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நானே சாட்சி."

ஆவுடைச்சி குடிசையிலிருந்து இறங்கி வந்தாள். உள்ளங்கைகள் இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தன.

"விழுந்தது நிஜந்தான், மகாராஜா. மணி அடிச்சுது. காசை எடுக்கவா, பலகையைப் பிடிக்கவான்னு யோசிக்க நேரமில்லே."

ராஜா தம்முடைய நனைந்த செருப்பைக் குனிந்து பார்த்தார். குழைக்காதன் முன்னால் வந்தான்.

"பிரபு, மகாராஜாவின் தலையைக் காப்பாற்றப் போய் மகாராஜாவின் தலையைத் தவறவிட்டாள். இது குற்றந்தான். ஆனால் சாட்சியை ஒரு கேள்வி கேட்க அனுமதி வேண்டும்."

"கேள்."

"மந்திரியாரே, மடைக் குடிசையில் நடந்ததை எங்கிருந்து பார்த்தீர்கள்?"

"மேலே இருக்கும் யானைப்பாறையிலிருந்து. அங்கிருந்துதான் குடிசைக்குள் நன்றாகத் தெரிகிறது."

"அப்படியென்றால் அவளைவிட உயரத்தில்."

"ஆமாம்."

"அப்போது தங்கள் தலைக்கு மேலே என்ன இருந்தது?"

பிரமாதிராயர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். கை தானாகத் தலைக்குப் போயிற்று. பட்டுத் தலைப்பாகை இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. செப்புக்காசைத் துணியில் முடிந்து தலையில் கட்டிக்கொள்ள நான் என்ன கூத்தாடியா என்று அவர் காலையில் வீட்டில் சொல்லியிருந்தார்.

"ஆகாயம் இருந்தது, பிரபு" என்றான் குழைக்காதன் அவருக்குப் பதிலாக. "ராஜ்யத்திலேயே உயரமான பாறையில், பொழுது முழுவதும், மகாராஜாவின் தலை இல்லாமல் ஒரு தலை இருந்திருக்கிறது. அடியேன் பொறுப்பில் தவறிய தலைகள் இரண்டு. அடியேனையும் சேர்த்துக் கழுதைகள் மூன்று வேண்டும்."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. ராஜாவாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அவர் சிரிக்காமல் மற்றவர்கள் சிரிக்கத் துணிந்திருக்க மாட்டார்கள். ராஜா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தலையை ஆட்டாமல் காலையிலிருந்து சிரிப்பை அடக்கிவைத்திருந்த ஊர் முழுவதும் சிரித்தது. ஏகப்பட்ட காசுகள் தரையில் உருண்டன. யாரும் அவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"கழுதைகள் புல் மேயட்டும்" என்றார் ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்த மலையில் இனி அந்த மரபு கிடையாது. மடையில் இருப்பவர் மேலே இருந்தால்தான் கீழே இருப்பவர் பிழைப்பார் என்று நான் இன்றைக்குத் தெரிந்துகொண்டேன்." ஆவுடைச்சிக்குத் தம் கையிலிருந்த பொன் காப்பைக் கழற்றிக் கொடுத்தார். குழைக்காதனுக்கு ஆற்றங்கரையில், வாய்க்கால் பாயும் நன்செய் நிலத்தை எழுதிவைத்தார். கொட்டகையில் சும்மா நின்ற மாடுகளை விலைக்கு எடுத்து, ஏர் இல்லாத குடியானவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். மைத்துனர் அரை மாடியோடு நிறுத்திக்கொண்டார்.

"மந்திரிக்கு என்ன செய்யலாம், குழைக்காதா?"

"பெரிதாக ஒன்றும் வேண்டாம், பிரபு. அவர் தலை எவ்வளவு நேரம் மகாராஜாவுக்கு மேலே இருந்ததோ, அவ்வளவு நேரம் கீழே இருந்துவிட்டு வரட்டும். நாற்காலி தயாராகத்தான் இருக்கிறது. இருளப்பன் பேச்சுத் துணைக்கு இருப்பான்."

பிரமாதிராயரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கையில் விளக்கைக் கொடுத்தார்கள். அவர் காலுக்கடியில் இருந்த இருட்டைப் பார்த்தார். பிறகு சக்கரத்தைப் பார்த்தார். அதற்கு மேலே, குடிசையில், கைகளில் துணி சுற்றிக்கொண்டு பலகைப் பிடியை எடுக்கிற ஆவுடைச்சியை அண்ணாந்து பார்த்தார். இத்தனை நாள் அவளை அவர் பேர் சொல்லிக்கூட அழைத்ததில்லை.

"அம்மா, ஆவுடைச்சியம்மா" என்றார் பிரமாதிராயர். "கொஞ்சம் மெதுவாக இறக்குங்கள்."

ராஜா மறுபடியும் சிரிக்கத் தொடங்கினார். ஆவுடைச்சி மடையை ஒரு சாண் அளவுக்கு மட்டும் திறந்து, அவரை மெதுவாகவே இறக்கினாள்.